காடு தொடங்கும் இடத்துக் கல்: குமரி மாவட்டத்தின் பழைய வன எல்லைக்கற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் காடும் ஊரும் உரசிக்கொண்டு கிடக்கின்றன. தோவாளைப் பக்கத்து மலைச்சரிவிலிருந்து விளவங்கோட்டு ரப்பர் விளைகள் (தோட்டங்கள்) வரை, காட்டுக்குள் கால் வைக்கும் இடத்தில் பாதி புதைந்த கருங்கல்லோ சரிந்த கற்குவியலோ கண்ணில் படுவதுண்டு. அது என்ன, யார் வைத்தது, தொடலாமா, பக்கத்து நிலத்துக்கு அதனால் என்ன என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே செய்தி: எல்லைக்கல்லின் மதிப்பு கல்லில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. இடம் பெயர்ந்தால் அது வெறும் கல்தான்.

வன எல்லைக்கல் என்று எதைச் சொல்கிறோம்?

அரசு ஒரு காட்டை ஒதுக்குக்காடாக (ரிசர்வ் பாரஸ்ட்) அறிவிக்கும்போது அதன் நாலு எல்லையையும் எழுத்தில் விவரிக்கும். இந்த ஓடையிலிருந்து அந்த முகடு, முகட்டிலிருந்து இன்ன பாறை என்று அந்த விவரம் போகும். எழுத்தில் இருப்பதைத் தரையில் காட்டுவதற்காக, எல்லைக்கோடு திரும்பும் ஒவ்வொரு முனையிலும் ஓர் அடையாளம் வைப்பார்கள். அது செதுக்கி நட்ட ஒற்றைக் கல்லாக இருக்கலாம். சாந்தில்லாமல் அடுக்கிய கற்குவியலாகவும் இருக்கலாம். அடி அகன்று மேலே குறுகி நிற்கும் அந்தக் குவியலை மலையாளத்தில் ஜண்டா என்பார்கள். பெயர்த்து எடுக்க முடியாத பாறை இருந்த இடத்தில் அந்தப் பாறையிலேயே குறியும் எண்ணும் வெட்டிவிடுவதும் உண்டு.

ஒரு கல்லருகே நின்றால் அடுத்த கல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே கல் நடுவதன் அடிப்படை. இன்று தெரியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நடுவில் வளர்ந்த ரப்பரும் புதரும்தான்.

குமரி மாவட்டத்தில் இவை எந்தக் காலத்தவை?

1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடு, பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அதனால் இங்குள்ள பழைய ஒதுக்குக்காடுகளின் பிறப்புச் சான்று சென்னை மாகாணத்தின் 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தில் இல்லை. திருவிதாங்கூரின் வன ஒழுங்குமுறைச் சட்டங்களில்தான் தேட வேண்டும். முதலாவது கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) 1063இன் நாலாம் சட்டம். அதற்குப் பிறகு வந்தது 1068இன் இரண்டாம் சட்டம். திருநெல்வேலிப் பக்கத்துக் காட்டுக்குப் பொருந்தும் விதியை அப்படியே வீரப்புலிக்கும் வேளிமலைக்கும் பொருத்திப் பார்ப்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

வீரப்புலி, வேளிமலை, கீழமலை, அசம்பு, தாடகைமலை, பொய்கைமலை, தெற்குமலை, மகேந்திரகிரி என்று காட்டுக்குக் காடு தனி அறிவிப்பும் தனி எல்லை விவரமும் உண்டு. ஒரு காட்டின் கல் எண் 12 வேறு, பக்கத்துக் காட்டின் கல் எண் 12 வேறு. காட்டின் பெயர் இல்லாமல் கல்லின் எண்ணை மட்டும் குறித்து வந்தால் அந்தக் குறிப்பால் பயன் இல்லை.

அதற்கு முன்பு காட்டுக்கு எல்லையே இல்லையா?

இருந்தது, ஆனால் இன்று நாம் நினைக்கும் கோடாக இல்லை. திருவிதாங்கூர் அரசு நெடுங்காலம் நிலத்தைவிட மரத்தின் மேல்தான் உரிமை கொண்டாடியது. தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை யாருடைய நிலத்தில் நின்றாலும் அரசனுக்கு உரியவை. மரத்தின் மேல் உரிமை இருக்கும்போது காட்டைச் சுற்றிக் கோடு போட வேண்டிய தேவை குறைவு. அசம்பு மலைகளில் 1860களில் காப்பித் தோட்டங்கள் வந்து, காடு ஏக்கர் கணக்கில் கைமாறத் தொடங்கிய பிறகே 'எதுவரை காடு' என்ற கேள்வி கூர்மையானது.

ஊர், கோயில் நிலங்களுக்குக் கல் நடும் வழக்கமோ மிகப் பழையது. தமிழ்ச் செப்பேடுகளில் நிலம் கொடுக்கும் சடங்கை 'பிடி சூழ்ந்து பிடாகை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி' என்று சொல்வார்கள். பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, நடந்த தடத்தில் கல்லை நட்டு, கல்லுக்குக் கல் கள்ளிச்செடி வைப்பது என்று பொருள். கள்ளி வைத்ததில் நல்ல யோசனை இருக்கிறது. ஆடு மாடு தின்னாது, மழை பொய்த்தாலும் காயாது, கல்லைப் பிடுங்க வருபவனுக்கு முள்ளும் பாலும் தடை. ஒரு கல் போனாலும் கள்ளி வரிசை கோட்டைக் காட்டிக்கொடுக்கும்.

நான் பார்த்தது வன எல்லைக்கல்தானா, வேறு கல்லா? எப்படிப் பிரித்து அறிவது?

இந்த மாவட்டத்தில் கல் வகை அதிகம். தவறு நடப்பதும் அதனால்தான்.

பழைய நடைபாதை ஓரத்தில் இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒன்றைக் கிடத்தியிருந்தால் அது சுமைதாங்கி. கீழே விழுந்த மேல்கல்லோ தனித்து நிற்கும் ஒற்றைக் காலோ எல்லைக்கல் போலத் தோற்றம் தரும். அருகில் அதே உயரத்தில் இன்னொரு கல் நின்ற குழி இருக்கிறதா என்று பாருங்கள்.

சக்கரம் வெட்டிய கல் திருவாழிக்கல், பெருமாள் கோயில் நிலம். சூலம் வெட்டியது சிவன் கோயில் நிலம். சங்கு கண்டால் அவசரப்பட வேண்டாம். சங்கு திருவிதாங்கூர் அரசின் சின்னமும் கூட. கோயில் நிலமா அரசு நிலமா என்பதைக் கல்லை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

வருவாய்த்துறையின் சர்வே கல் பொதுவாகச் சிறியது, வரப்பு மூலையில் நிற்பது. மூன்று ஊர்களின் எல்லை கூடும் இடத்தில் நடுவது அதைவிடப் பெரிய முச்சந்திக்கல். மாறாமலை, கரும்பாறை போன்ற தோட்டப் பகுதிகளில் எஸ்டேட் எல்லைக்கல்லும் உண்டு. அணை, கால்வாய் ஓரமென்றால் பொதுப்பணித்துறைக் கல்லாக இருக்கலாம். வனவிலங்குச் சரணாலயம் வந்த பிறகு வைத்த தூண்கள் காங்கிரீட்டில், பெயின்ட் எழுத்தோடு இருக்கும். அவை பழைய கல் அல்ல, பழைய கல்லின் இடத்தில்தான் நிற்கின்றன என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

உறுதியான சோதனை ஒன்று உண்டு. வன எல்லைக்கல் தனித்து இருக்காது. முன்னும் பின்னும் தொடர் எண்ணோடு கற்கள் இருக்கும். மூன்று கற்கள் வரிசை எண்ணில் கிடைத்து, அவற்றின் திருப்பம் எல்லை விவரத்தோடு ஒத்துப்போனால்தான் 'இது இன்ன காட்டின் கல்' என்று எழுதலாம். அதுவரை 'வன எல்லைக்கல்லாக இருக்கலாம்' என்று எழுதுவதே நேர்மை.

கல்லில் 1068 என்று இருக்கிறது. ஆயிரம் ஆண்டுப் பழமையா?

இல்லை. அது கொல்லம் ஆண்டு. இந்தத் தவறு செய்தித்தாள் வரை போய்விடுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குகிறது. இங்கே புத்தாண்டு ஆவணி (சிங்கம்) முதல் நாள், அதாவது ஆகஸ்ட் நடுவில். எனவே ஆவணி முதல் டிசம்பர் 31 வரையுள்ள தேதிக்கு 824ஐக் கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய 825ஐக் கூட்டுங்கள். மாதம் தெரியாவிட்டால் இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்: கொல்லம் 1068 என்றால் 1892-93.

எண்களை வாசிப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய கற்களில் தமிழ் எண், மலையாள எண், இன்றைய எண் மூன்றையுமே எதிர்பார்க்கலாம். தமிழில் ௧ என்பது 1, ௨ என்பது 2, ௩ என்பது 3, ௪ என்பது 4, ௫ என்பது 5, ௬ என்பது 6, ௭ என்பது 7, ௮ என்பது 8, ௯ என்பது 9. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக்குறிகள் ௰, ௱, ௲. பழைய முறையில் 25ஐ ௨௰௫ என்று எழுதுவார்கள். நடுவிலுள்ள ௰ஐப் பூச்சியமென்றோ எழுத்தென்றோ எண்ணினால் எண் தலைகீழாகிவிடும். மலையாள எண்கள் தமிழ் எண்களின் உறவுதான் என்றாலும் சில வேறுபடும். ஊகிக்காமல் உருவத்தைப் பார்த்தபடியே வரைந்துகொண்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எழுத்து மங்கிவிட்டது. சாக்பீஸ் தடவினால் தெரியுமே?

வேண்டாம். சாக்பீஸ், சுண்ணாம்பு, கோலமாவு, எண்ணெய், பெயின்ட் எதுவும் வேண்டாம். நீங்கள் பார்க்கும் வரியின் மேல் தடவுவதாக நினைப்பீர்கள். பார்க்க விரும்பும் வரியின் மேல்தான் கை போகும். கீறலை எழுத்தாக்கிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. எண்ணெய் கல்லின் நுண்துளையில் இறங்கித் தூசியைப் பிடித்து நிரந்தரமாகக் கறுக்கும். கம்பித் தூரிகையும் ஆசிட்டும் எழுத்தின் விளிம்பையே தின்றுவிடும்.

கல் மேல் படர்ந்த வெளிர்பச்சை, சாம்பல் நிறக் கற்பாசியையும் சுரண்டாதீர்கள். அதன் வேர் போன்ற இழைகள் கல்லின் மேல்தோலைப் பிடித்திருக்கும். பெயர்த்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

செய்ய வேண்டியது எளிது. ஈரத்துணியோ மென்மையான துணிதுவைக்கும் பிரஷோ கொண்டு, தண்ணீர் மட்டும் விட்டு மண்ணை நீக்குங்கள். பிறகு வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். காலை ஏழு, ஏழரை மணி வெயிலோ மாலை ஐந்து மணி வெயிலோ கல் முகத்தில் பக்கவாட்டில் விழும்போது, மத்தியானம் மொட்டையாகத் தெரிந்த கல்லில் வரி எழுந்து நிற்கும். மரநிழலில் வெயில் கிடைக்காது; அங்கே ஒருவர் குடையாலோ தார்ப்பாயாலோ நிழல் செய்ய, மற்றவர் டார்ச்சைக் கல் முகத்தோடு ஒட்டினாற்போல, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். இடம், வலம், மேல், கீழ் என்று நாலு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் விட்டு நாலு படம் எடுங்கள். ஒரே திசை வெளிச்சத்தில் அந்தத் திசையில் ஓடும் கோடு மறைந்துவிடும்.

மைப்படி எடுப்பது, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பது, பயிற்சி பெற்றவர் வேலை. கையில் தாளும் மையும் இருக்கிறதே என்று முயல வேண்டாம்.

வெட்டுக்கல்லில் எழுத்துத் தேடாதீர்கள். மேற்குப் பகுதியில் கிடைக்கும் அந்தச் செம்பாறாங்கல் வெட்டும்போது மென்மை, காற்றுப்பட்டால் கெட்டி; ஆனாலும் அதில் நுணுக்கமான எழுத்து நிற்காது. எண் வெட்டத் தேர்ந்தது கருங்கல்தான்.

கல் நட்ட இடத்திலேயே இருக்கிறதா, யாரேனும் நகர்த்தினார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் கேள்விகளுக்கெல்லாம் தலைக்கேள்வி. கல்லைத் தோண்டாமலே பார்க்கக்கூடிய அடையாளங்கள் இருக்கின்றன.

முதலில் மண்கோடு. நூறு வருடம் நட்டு நின்ற கல்லில், மண்ணுக்கு மேலே இருந்த பகுதி கறுத்துப் பாசி படிந்து இருக்கும். மண்ணுக்குள் இருந்த பகுதி வெளுத்தோ செம்மண் நிறமேறியோ சொரசொரப்பாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கோடு தெரியும். அந்தக் கோடு இன்றைய தரைமட்டத்தோடு ஒத்திருந்தால் நல்லது. ஒரு சாண் மேலே இருந்தால், ஒன்று மண் அரித்துப் போயிருக்கிறது, இல்லையென்றால் கல்லைப் பிடுங்கி ஆழமில்லாமல் மறுபடி நட்டிருக்கிறார்கள். சுற்றிலும் மரவேர்கள் அதே அளவு வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அரிப்பு. தெரியாவிட்டால் சந்தேகப்படலாம்.

அடுத்தது எழுத்து முகம். எண் வெட்டிய முகங்கள் ஒரு வரிசை நெடுக ஒரே பக்கம், எல்லாம் ஊரைப் பார்த்தோ எல்லாம் காட்டைப் பார்த்தோ இருந்து, நடுவில் ஒன்று மட்டும் திரும்பி நின்றால், அந்தக் கல் ஒரு தடவையாவது வெளியே வந்திருக்கிறது.

மூன்றாவது அடிக்கற்கள். நட்டவர்கள் குழியில் கல்லை நிறுத்திச் சுற்றிலும் சல்லிக்கல் இறுக்குவார்கள். மழைக்குப் பிறகு அதன் தலை தெரியும். இறுக்கம் இல்லாமல் வெறும் மண்ணில் நிற்கும் கல் பிற்காலத்து நடவு. ஓரத்தில் வெள்ளையாகப் புதுக்கீறல் இருந்தால் அது கடப்பாரை பட்ட இடம்.

எல்லைக்கல்லின் அடியில் கரி, உமி, ஓட்டுத்துண்டு போட்டுப் புதைப்பது நம் நாட்டின் மிகப் பழைய வழக்கம். கரி மண்ணில் மக்காது. மேலே உள்ள கல்லை யார் எடுத்துப் போனாலும் கீழே கரி அந்த இடத்துக்குச் சாட்சி சொல்லும். ஆனால் அதைத் தோண்டிப் பார்ப்பது அளவை அதிகாரிகள் முன்னிலையில் மட்டுமே நடக்க வேண்டும். ஆர்வத்தில் தோண்டினால் அந்தச் சாட்சியை நீங்களே அழித்தவராவீர்கள்.

எல்லா நகர்வும் களவு அல்ல. யானை கல்லில் உடம்பு உரசும். பன்றி அடிமண்ணைக் கிளறும். ஆல், அத்தி போன்றவற்றின் வேர் ஜண்டாவுக்குள் இறங்கி அடுக்கையே பிரித்துவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் எண்ணற்ற மரங்களை வேரோடு சாய்த்தது. அப்படிச் சாயும் மரத்தின் வேர்த்தட்டில் கல் மாட்டினால் மண்ணோடு எழும்பி ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி விழும். அங்கே குழியும் மேடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் பக்கத்து விளைக்காரர் மேல் பழி போடுவது அநியாயம்.

ஒரு கல் கொஞ்சம் நகர்ந்தால் என்ன பெரிய நஷ்டம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நேர்கோட்டில் மூன்று கற்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 100 மீட்டர். நடுக்கல்லை மட்டும் 3 மீட்டர் காட்டுக்குள் தள்ளினால் 300 சதுர மீட்டர் கைமாறுகிறது. ஏறக்குறைய ஏழரை சென்ட். பத்து வருடம் கழித்து அடுத்தவர் இன்னொரு 3 மீட்டர் தள்ளுவார். ஓடையின் தலைப்பு இப்படித்தான் விளைக்குள் வந்து சேர்கிறது. பிறகு கோடையில் தோட்டில் (ஓடையில்) தண்ணீர் இல்லையே என்று ஊர் முழுக்கத் தவிக்கும்.

பழைய படத்தில் உள்ள தூரத்தைத் தரையில் எப்படி ஒத்துப்பார்ப்பது?

பழைய அளவைகள் கன்டர் சங்கிலியில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, 100 லிங்க். மீட்டரில் 20.12. ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர். படத்தில் 735 லிங்க் என்று இருந்தால் 147.86 மீட்டர்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்களின் அளவு தவறுகிறது. படத்தில் இருப்பது கிடைத்தூரம். மலைச்சரிவில் நீங்கள் டேப்பைத் தரையோடு போட்டு அளப்பது சாய்வுத்தூரம். 20 டிகிரி சரிவில் தரையோடு 100 மீட்டர் அளந்தால் கிடைத்தூரம் 94 மீட்டர்தான். 30 டிகிரியில் 86.6. மேற்சொன்ன 147.86 மீட்டரை 20 டிகிரிச் சரிவில் தேடினால் டேப்பில் 157 மீட்டருக்கு மேல் வர வேண்டும். 147இல் நின்று தேடிவிட்டு 'கல்லைக் காணோம், யாரோ எடுத்துவிட்டார்கள்' என்று எழுதினால், கல் பத்து மீட்டர் மேலே புதருக்குள் சும்மா நின்றுகொண்டிருக்கும்.

சரிவைக் கணக்கிட முடியாதவர்கள் படிப்படியாக அளக்கலாம். ஒருவர் மேட்டில் டேப்பின் நுனியைத் தரையில் பிடிக்க, மற்றவர் பள்ளத்தில் டேப்பை மட்டமாக மார்பு உயரத்துக்குத் தூக்கி, அங்கிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, நூல் தொடும் இடத்தில் குச்சி நடுங்கள். ஒரு படி 5 முதல் 10 மீட்டருக்கு மேல் வேண்டாம். நீளம் கூடினால் டேப் தொய்ந்து அளவு மிகும்.

திசைக்குக் காந்த ஊசி வைத்திருப்பவர்கள் வெட்டுகத்தியையும் போனையும் இரண்டு பாகம் (பாகம் என்பது இரு கையையும் விரித்த அளவு) தள்ளி வைக்க வேண்டும். காந்தத் தாது கலந்த பாறையும் ஊசியை இழுக்கும். முதல் கல்லிலிருந்து இரண்டாவதைப் பார்த்த கோணமும், இரண்டாவதிலிருந்து திரும்பிப் பார்த்த கோணமும் 180 டிகிரி வித்தியாசப்பட வேண்டும். படாவிட்டால் ஏதோ ஒரு முனையில் இழுப்பு இருக்கிறது. ஒரு டிகிரி பிசகு 100 மீட்டருக்கு ஒன்றேமுக்கால் மீட்டர். தவிர, காந்த வடக்கு காலத்தோடு நகரும். நூறு வருடத்துக்கு முந்தைய ஊசிக் கோணத்தை அப்படியே இன்றைய ஊசியில் வைத்தால் கோடு விலகும்.

போனில் ஜி.பி.எஸ். இருக்கிறதே, போதாதா?

கல் இருக்கும் இடத்துக்கு மறுபடி போய்ச் சேரப் போதும். எல்லைத் தகராறு தீர்க்கப் போதாது. வெட்டவெளியிலேயே போன் ஐந்து மீட்டர் பிசகும்; அடர்ந்த மரத்தடியில் இன்னும் அதிகம். கல் மேல் போனை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் விட்டு, நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து அளவு குறித்துச் சராசரி எடுங்கள். தசம டிகிரியில், புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் எழுதுங்கள்.

போன் தரும் அளவைப் பழைய நில அளவைத் துறை வரைபடத்தில் நேராகக் குறிக்காதீர்கள். குமரி மாவட்டம் 58 எச் வரிசைத் தாள்களில் வரும். அவற்றின் பழைய பதிப்புகள் எவரெஸ்ட் கணக்கில் (பூமியின் வடிவத்துக்கு அந்நாளில் வைத்த கணக்கு) வரைந்தவை. போன் வேறு கணக்கில் சொல்லும். மாற்றாமல் குறித்தால் நம் பகுதியில் 100 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். வெளியில் நிற்கும் கல் காட்டுக்குள் இருப்பதாகவும், உள்ளே இருப்பது வெளியிலும் தெரியும்.

என் விளையின் மேல் ஓரத்தில் இப்படி ஒரு கல் நிற்கிறது. என்ன செய்ய வேண்டும்?

கல்லைத் தொடாமல், அதை உள்ளே வைத்துக் கய்யாலை (விளையின் எல்லைச்சுவர்) கட்டாமல் விட்டுவிடுங்கள். கய்யாலை கட்டும்போது 'கல்லு சும்மாதானே கிடக்கு' என்று அடுக்கில் சேர்த்துவிடுவதால் போன எல்லைக்கற்கள் அநேகம். கல்லைச் சுற்றி ஒரு மீட்டர் இடம் விட்டுப் புதரை மட்டும் அவ்வப்போது வெட்டினால் போதும்.

பிறகு உங்கள் ஆவணத்தைப் பாருங்கள். பட்டா, அ-பதிவேடு (ஊரின் நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவுப் படம்) மூன்றிலும் மேல் எல்லை என்னவென்று இருக்கிறது? 1956க்கு முந்தைய ஆதாரங்களில் 'பண்டாரவகை' (அரசு நிலம்), 'மலைப்புறம்' போன்ற சொற்கள் வந்தால் அந்த வரியை விட்டுவிடாமல் படியெடுத்து வையுங்கள். புலப்படத்தின் அளவும் கல்லின் இடமும் ஒத்துப்போகாவிட்டால், தனியார் சர்வேயரை வைத்து நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். காட்டை ஒட்டிய எல்லைக்கு வருவாய்த்துறையும் வனத்துறையும் சேர்ந்து அளக்கும் கூட்டு அளவைதான் நிற்கும். வட்டாட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, பட்டா நிலத்தின் சர்வே கல்லைப் பேணுவது நில உடைமையாளரின் கடமை. வன எல்லைக் குறியை அழிப்பதும் நகர்த்துவதும் தண்டனைக்குரிய குற்றம்.

கல் சாய்ந்துவிட்டது. நிமிர்த்தி நடலாமா?

கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் கூடாது. சாய்ந்த கல்லின் அடி இன்னும் பழைய குழியில் இருக்கும். அந்தக் குழிதான் எல்லை. நிமிர்த்தும்போது குழி கலைந்துவிடும். படம் எடுத்து, அருகிலுள்ள அசையாத மூன்று பொருள்களிலிருந்து (பாறை மூலை, பெரிய மரம், பாலச் சுவர்) தூரம் அளந்து எழுதி, வனச்சரக அலுவலகத்தில் தெரிவியுங்கள். மூன்று தூரம் இருந்தால் கல் முழுதும் போனாலும் இடத்தை மீட்டுவிடலாம். இரண்டு தூரம் மட்டும் இருந்தால் புள்ளி இரண்டு இடத்தில் விழும்.

கல்லுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். தடுக்க வேண்டுமா?

வேண்டாம். எல்லையில் நிற்கும் கல் சாஸ்தாவாகவும் மாடனாகவும் இசக்கியாகவும் ஆவது இந்த மண்ணின் இயல்பு. கும்பிடும் கல்லை யாரும் பிடுங்குவதில்லை. பல கல்லை அந்தப் பக்திதான் காப்பாற்றி வைத்திருக்கிறது. எண்ணெய் மட்டும் எழுத்து முகத்தில் படாமல், விளக்கைச் சற்று முன்னால் தனிக்கல்லில் வைக்கச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம். சுற்றிலும் சிமென்ட் பீடம் கட்டுவதையும் டைல்ஸ் ஒட்டுவதையும் கட்டாயம் பேசித் தவிர்க்க வேண்டும். பீடம் வந்தால் மண்கோடும் அடிக்கல்லும் எண்ணும் ஒரே நாளில் போய்விடும்.

காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் காட்டுக்குள் இருக்கின்றன. இந்தக் கற்கள் அவர்களுக்கு எதிரானவையா?

கற்கள் வருவதற்கு முன்பே அவர்கள் அங்கே இருந்தார்கள். மூட்டுக்காணி எனும் தலைவரின் வழிகாட்டலில் அவர்களுக்கு ஓடையும் முகடும் மரமுமாகத் தங்கள் எல்லைகள் உண்டு. அவை எந்தக் கல்லிலும் வெட்டப்படவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்த உரிமையைத்தான் எழுத்தில் ஏற்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வனத்தில் வாழ்வதும் அதைச் சார்ந்திருப்பதும் அதன் அளவுகோல். ஒதுக்குக்காட்டுக் கல்லுக்கு உள்ளே இருப்பதாலேயே ஒரு குடியிருப்பு ஆக்கிரமிப்பு ஆகிவிடாது. எல்லைக்கல்லைப் பதிவு செய்யப் போகிறவர்கள் இடப்பெயர்களை அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுத வேண்டும். பழைய எல்லை விவரத்தில் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் சிதைந்து கிடக்கும் ஓடைப் பெயரை அவிழ்க்கும் சாவி பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கிறது.

எல்லை விவரம் எங்கே கிடைக்கும்?

மாவட்ட வன அலுவலகத்தில் ஒதுக்குக்காடுகளின் அறிவிப்பு நகல் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். 'வன எல்லை பற்றிய எல்லா விவரமும்' என்று கேட்டால் பதில் வராது. காட்டின் பெயர், அறிவிப்பின் கொல்லம் ஆண்டு, வேண்டியது எல்லை விவரப் பகுதி மட்டும் என்று குறுக்கிக் கேளுங்கள். அங்கே இல்லாத பழைய திருவிதாங்கூர் அரசிதழ்களைத் திருவனந்தபுரத்திலுள்ள கேரள ஆவணக் காப்பகத்தில் தேடலாம்; 1956க்குப் பிந்தையவற்றுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

பார்க்கப் போக அனுமதி வேண்டுமா? எந்த மாதம் நல்லது?

ஒதுக்குக்காட்டுக்கும் சரணாலயத்துக்கும் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் எழுதிக் கேட்க வேண்டும். சாலையோரத்திலிருந்தும் உங்கள் சொந்த விளையிலிருந்தும் பார்ப்பதற்குத் தடையில்லை.

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை புதரும் அட்டையும் மிகுதி. ஜனவரி, பிப்ரவரி நல்லது. ரப்பர் இலையுதிர்க்கும் நாளென்பதால் பார்வையும் திறந்திருக்கும். மார்ச்சுக்கு மேல் காட்டுத்தீ அச்சம் இருப்பதால் அனுமதி கிடைப்பது கடினம்.

ஒரு கல்லைப் பதிவு செய்யும்போது தாளில் என்னென்ன இருக்க வேண்டும்?

காட்டின் பெயர், கல்லின் எண், ஊர், தாலுகா, பார்த்த நாள். கல்லின் வகை, கல்லினம், மண்ணுக்கு மேல் உயரம், மண்ணோடு சேரும் இடத்தில் அகலம், கனம், எல்லாம் சென்டிமீட்டரில். எழுத்து முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது. எழுத்தைக் கண்டபடியே வரைந்த படம். வாசிப்பு தனி வரியில், ஊகித்த எழுத்துக்கு அடியில் கோடு. மண்கோடு, சாய்வு, கீறல் பற்றி ஒரு வரி. முன் கல்லுக்கும் பின் கல்லுக்கும் தூரம், கோணம். அசையாப் பொருள் மூன்றிலிருந்து தூரம். ஜி.பி.எஸ். சராசரி, அத்தோடு எத்தனை அளவின் சராசரி என்பதும்.

படங்கள் ஐந்து: நாலு பக்கம், அத்துடன் அடுத்த கல் இருக்கும் திசை. ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும். தீப்பெட்டியும் செருப்பும் அளவுகோல் ஆகா. மூன்று நகல் எடுத்து, ஒன்றை வனச்சரக அலுவலகத்திலும் ஒன்றை ஊர் நூலகத்திலும் கொடுத்துவிட்டு ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு எழுத்தோ சக்கரம், சூலம் போன்ற குறியோ உள்ள கல்லாக இருந்தால் நான்காவது நகல் தொல்லியல் துறைக்குப் போக வேண்டும்.